இரண்டாம் தட்டு

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும்
எங்கள் குளிர்பெட்டி மெலியத் தொடங்கும்.
ரும்ஃபி மாவட்டத்தில் பலருக்கு இது தெரியாது:
இங்கே சொட்டும் இரத்தத்தில் பெரும்பங்கு
பதினேழு வயதுப் பையன்களுடையது,
ஒரு சோடாவும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு
கணக்கு வகுப்பிலிருந்து தப்பித்தவர்களுடையது.
அவர்கள் ஊர் திரும்பும் அதே வாரம் மழை வரும்.
மழையோடு கொசு வரும்.
பிறகு, முதுகில் கட்டிய துணிக்குள்
உதடு வெளுத்த குழந்தைகள் வரும்.
நாட்காட்டியை அடித்தவர் யாரோ,
என்னைக் கேட்கவில்லை.

நான் ஆய்வகக்காரன். இரவுப் பணி.
என் அதிகாரம் ஒரு சாவி, ஒரு பதிவேடு,
ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு எழுதும் கடிதம்.

இன்று மேல் தட்டு காலி.
இரண்டாம் தட்டில் நான்கு பை, நான்கும் ஓ பாசிட்டிவ்,
நான்கின் கழுத்திலும் ஒரே பெயர்:
எஸ்நாத் ங்கோமா. கருப்பைக் கட்டி. காலை எட்டு மணி.
ஹரவா எழுதிய படிவம்.
அவர் எப்போதும் நான்கு எழுதுவார்.
அவர் நான்கு கேட்பதால் நான் பாதி தருவேன்,
நான் பாதி தருவதால் அவர் நான்கு கேட்பார்.
பத்து வருடமாக இருவரும் இப்படித்தான்
ஒருவரையொருவர் நம்பி வந்தோம்.
இந்த முறை, விவரம் தெரியாமல்,
நான்கையும் பொருத்திப் பார்த்து எடுத்துவைத்துவிட்டான்
பகல் பணிக்குப் புதிதாக வந்தவன்.

இரவு பதினொன்றே கால்.
தவோங்கா, இரண்டரை வயது, ஒன்பது கிலோ.
ஹீமோகுளோபின் மூன்று புள்ளி இரண்டு.
இயந்திரம் பொய் சொல்லியிருக்கட்டும் என்று
இன்னொரு சொட்டு எடுத்துப் பார்த்தேன்.
மூன்று புள்ளி ஒன்று.

அவள் அப்பா பிஸ்வெக்,
முழங்கால்வரை சேறு, வாசலில் சைக்கிள்,
நான் கேட்பதற்கு முன்பே சட்டைக் கையை மடித்துவிட்டார்.
அவருடையது பி. அவளுடையது ஓ.
"அவள் என் மகள்தான்" என்றார்,
நான் வேறெதையோ சொல்வதாக நினைத்து.
"மகள்தான். இரத்தம்தான் ஒத்துவராது."
எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும்
அது வசவுபோலத்தான் விழுகிறது.
"அப்படியானால் வேறு யாருக்காவது" என்று
கையை மடித்தபடியே வைத்திருந்தார்.

ஹரவா நான்காவது மணியில் போனை எடுத்தார்.
ஒரு பை, என்றேன்.
அவர் பக்கமும் தவளைச் சத்தம்.
"போன மார்ச்சில் இரண்டு பையோடு உள்ளே போனேன்.
அவள் எப்படி வெளியே வந்தாள், ஞாபகம் இருக்கிறதா?"
இருந்தது.
அந்தப் பக்கத்திலும் என் கையெழுத்துதான்.
"ஒன்று எடு" என்றார். "ஒன்றுதான்."

எஸ்நாத்தின் பெயரை ஒரு பையில் மட்டும் அடித்தேன்.
பேனா வழுக்கியது; பை வியர்த்திருந்தது.
பொருத்தம் பார்க்க முக்கால் மணி நேரம்.
அதுவரை அவள் மூச்சு சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது,
சின்ன ரம்பம் ஒன்று பெரிய மரத்தை அறுப்பதுபோல.

குழந்தைக்கு வேண்டியது நூற்றெண்பது மில்லி.
பையில் இருப்பது நானூற்றைம்பது.
சின்னப் பைகள் ம்ஸூஸூவிலிருந்து வரும் என்று
போன வருடக் கடிதம் ஒன்று சொல்கிறது.
ஒருமுறை குத்திய பையை மறுபடி மூட முடியாது.
விடிந்ததும் மீதி இருநூற்றெழுபதை
எரிகலனுக்கு நானே எடுத்துப்போனேன்.
இன்னும் கொஞ்சம் கனமாகவே இருந்தது.
அதில் இன்னொரு தவோங்கா இருந்தாள்.
சரியாகச் சொன்னால், ஒன்றரைத் தவோங்கா.

ஐந்து மணிக்கு அவள்
தாதியின் விரலைக் கடித்துவிட்டாளாம்.
பதிவேட்டில் அதை எழுதக் கட்டம் இல்லை.

ஒன்பதரைக்கு அறுவை அரங்கிலிருந்து ஒருவன் ஓடிவந்தான்.
ஓடிவருகிறவர்களை எனக்குப் பிடிக்காது.
"ஒரு பைகூடத் தேவைப்படவில்லை" என்றான்,
"மழை, அதனால்தான் ஓடினேன்."

மூன்று பைகளிலிருந்தும் பெயரைக் கழற்றினேன்.
மேல் தட்டில், சோதனை முடிவுக்குக் காத்து,
பிஸ்வெக்கின் பை தனியாகப் படுத்திருந்தது.

வீட்டுக்குக் கிளம்பும்போது
ஹரவாவின் அடுத்த படிவம் வந்தது.
ஐந்து என்று எழுதியிருந்தார்.